ஒரே உயர நாற்காலி

முப்பத்தொரு வருடம் நான் தபால்காரனாக இருந்தேன். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமெல்லாம் சைக்கிள்தான். செட்டிநாட்டுத் தெருக்களில் தபால் கொடுத்தவர்களுக்கு ஒரு சங்கடம் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முன்னால் நின்று மணியடித்தால் பின்கட்டில் இருப்பவருக்குக் கேட்காது. பாதி வீடுகளில் கேட்க ஆளும் கிடையாது.

வக்கீல் நோட்டீஸை உறையைத் தொட்டதுமே கண்டுபிடித்துவிடுவேன். நீளமான பழுப்பு உறை, உள்ளே மூன்று மடிப்பு, பின்னால் ஒப்புகை அட்டை. ஒருமுறை ஒரே வீட்டின் முன்கட்டில் இருந்த அண்ணனுக்குப் பின்கட்டில் இருந்த தம்பி அனுப்பிய நோட்டீஸை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வக்கீல் மதுரைக்காரர் என்பதால் வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தைத் தாண்டவேண்டிய காகிதம் மதுரையிலிருந்து வந்து சேர்ந்தது. "யாருகிட்டருந்து தபால்காரரே?" என்று கேட்டார். உறையில் வக்கீல் பெயர் இருந்தது, அதைப் படித்துச் சொன்னேன். கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணிக்கொண்டு போனது. அட்டையைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கு மேல் என் வேலை இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு அந்த 'அதற்கு மேல்' எனக்கு வந்து சேர்ந்தது. வட்ட சட்டப் பணிகள் குழுவில் சட்டத் தன்னார்வலர்களுக்கு ஆள் எடுக்கிறார்கள், ஓய்வு பெற்ற அரசு ஊழியர்களும் சேரலாம் என்று யாரோ சொன்னார்கள். பயிற்சி கொடுத்தார்கள், அடையாள அட்டை கொடுத்தார்கள். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம் என்று ஊர் ஊராகச் சொல்வது, மனு எழுத உதவுவது, மக்கள் நீதிமன்றம் நடக்கும் நாளில் ஆட்களைக் கூட்டிவந்து உட்காரவைப்பது, இவைதான் வேலை. தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. ஊரில் சிலர் என்னைப் 'பஞ்சாயத்து' என்று கிண்டலாகக் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்காது. காரணம் பின்னால் வருகிறது.

மக்கள் நீதிமன்றத்தைப் பற்றி ரொம்பச் சொல்லவேண்டியதில்லை. விபத்து இழப்பீடு, வங்கிக் கடன், காசோலை வழக்குதான் அங்கே அதிகம். பேசி முடித்துக் கையெழுத்துப் போட்டால் அது சிவில் நீதிமன்ற டிகிரிக்கு, அதாவது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் பீஸும் திரும்பக் கிடைக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே தொகையைத்தான் பேசுவார்கள். எனக்கு ஆர்வமெல்லாம் தொகையில் அடங்காத சண்டைகளில்தான்.

அப்படி ஒன்று இப்போது கையில் இருக்கிறது. ஆட்களுக்குப் பெயர் சொல்லமாட்டேன், ஊரும் சொல்லமாட்டேன்.

பெரிய வீடு. ஏழு பங்கு. ஒரு பங்காளி சிங்கப்பூரில், இரண்டு பேர் சென்னையில், மற்றவர்கள் இங்கேயும் மதுரையிலும். ஓடு ஒழுகுகிறது. செப்பனிடப் பணம் போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். விற்றுவிடலாம், குறைந்தபட்சம் தூணையும் நிலைக்கதவையுமாவது விற்கலாம் என்று சிலர். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இப்படி எத்தனை வீட்டுக் கதவுகள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். இதில் இரண்டு நோட்டீஸ் நானே பட்டுவாடா செய்தது.

முதல் தடவை அந்த வீட்டு முகப்பிலேயே உட்கார்ந்தோம். அது என் தப்பு. மூத்தவர் போய் அவருடைய அப்பச்சி (அப்பாவை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) உட்காரும் இடத்தில், கணக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான். அறுபது வயதுத் தம்பிமார் எல்லாரும் பத்து வயதுப் பையன்கள் ஆகிவிட்டார்கள். ஒருவர் தலையைத் தூக்கிப் பேசவே இல்லை, இன்னொருவர் தேவையில்லாமல் கத்தினார். இறந்துபோன நான்காவது தம்பியின் மனைவி கதவுக்கு உள்பக்கம் நின்றிருந்தார். அவருக்கும் பங்கு உண்டு. யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் சொல்லவில்லை.

அடுத்த தடவை இடத்தை மாற்றினேன். நகரத்தாரின் பொது விடுதியான நகர விடுதியில் ஓர் அறையைக் கேட்டு வாங்கி, பந்தல்காரரிடம் ஏழு பிளாஸ்டிக் நாற்காலி சொல்லி, எல்லாம் ஒரே உயரமா என்று பார்த்துப் போட்டேன். (எனக்கும் என்னோடு வரும் வக்கீல் அம்மாவுக்கும் விடுதியின் பெஞ்சு.) மூத்தவர் வந்து அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "எங்கே உக்காரணும்?" என்றார். "எங்கே வேணாலும்ணே" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது தெரிந்தது.

அந்தத் தடவைதான் அந்த ஆச்சி பேசினார். விற்பதா வைப்பதா என்று ஒன்றரை மணி நேரம் போனபிறகு அவர் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க ஆச்சி" என்று கேட்டேன்.

"எனக்கு விக்கிறதும் சரிதான், வைக்கிறதும் சரிதான். பிள்ளையார் நோன்புக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வந்தா, எங்க அறைச் சாவியை நான் யாருகிட்டப் போய்க் கேக்கணும்? அதை மட்டும் சொல்லுங்க."

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி. திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள் நகரத்தார் வீடுகளில் நோன்பு. 21 நூலிழையைத் திரியாக்கி, இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாங்கி வாயில் போட்டுக்கொள்வார்கள். எந்த ஊரில் இருந்தாலும் அன்றைக்கு ஒன்றுகூடப் பார்ப்பார்கள். அந்த ஆச்சியின் கணவர் போனபிறகு அவர்கள் அறையில் பழைய சாமானைப் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். மூன்று வருடமாக அவர் சாவியைக் கேட்டு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். இதை அங்கிருந்த ஆண்களில் ஒருவரும் ஒரு பிரச்சினையாக நினைத்திருக்கவில்லை. மூத்தவர் அப்போதுதான், "சாவி என்கிட்ட இருக்கே, கேட்டா குடுக்கப்போறேன்" என்றார். ஆச்சி, "கேக்கணும்ல?" என்றார்.

சரி, அந்த வழக்கு அங்கே நிற்கட்டும். பஞ்சாயத்து என்ற பெயர் ஏன் பிடிக்காது என்பதைச் சொல்கிறேன்.

சிறுவயதில் எங்கள் ஊர் ஆலமரத்தடியில் ஒருவரை விசாரித்ததைப் பார்த்திருக்கிறேன். தேங்காய் திருடிவிட்டார். பெரியவர்கள் மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். தண்டம் போட்டார்கள், அது கோயிலுக்கு. சபையில் விழுந்து கும்பிடச் சொன்னார்கள், விழுந்தார். தேங்காயைப் பறிகொடுத்தவர் ஒரு விதவை. அவர் கூட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேங்காயும் இல்லை, காசும் இல்லை. விழுந்து கும்பிட்டது அவர் திசையில்கூட இல்லை. விழுந்தவர் கொஞ்ச நாளில் ஊரைவிட்டுப் போய்விட்டார். அந்தக் காலத்துப் பஞ்சாயத்து எவ்வளவு நேர்மை என்று பேசுகிறவர்களைப் பார்க்கும்போது, நீங்கள் மேடையில் உட்கார்ந்திருந்தீர்களா, நின்றீர்களா என்று கேட்கத் தோன்றும்.

இன்றைக்கு அதன் பேர் கட்டப் பஞ்சாயத்து. நிலத்தைக் காலி பண்ண, சாதி மாறிக் கட்டிக்கொண்டவர்களைப் பிரிக்க, எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறார்கள். 2011இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் இது முழுக்கச் சட்டவிரோதம், ஒழிக்கவேண்டும் என்று சொன்னது. அதனால் நான் ஒரு வீட்டுக்குப் போய் 'பேசித் தீர்க்கலாம்' என்றால், முதலில் அவர்கள் பயப்படுவது நியாயம்தான்.

அப்படிப் போய்ப் பேசிய ஒரு கதையைச் சொல்கிறேன். பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. ப்ளஸ் ஒன் படிக்கும் மூன்று பையன்கள் பின்கட்டுக் கதவை நெம்பி உள்ளே போயிருக்கிறார்கள். ஒரு பித்தளைத் தவலை, இரண்டு குத்துவிளக்கு. போகும்போது சன்னல் மேலிருந்த வண்ணக் கண்ணாடி ஒன்று உடைந்தது. எடைக்குப் போட்டது பழைய இரும்புக் கடையில். கடைக்காரர் மறுநாள் மூட்டையைப் பிரித்தபோது விளக்கின் அடியில் விலாசம் வெட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, பயந்துபோய் என்னிடம் வந்தார். இந்தப் பக்கத்தில் சீர்ச் சாமானில் குடும்ப விலாசத்தை வெட்டிவைப்பது வழக்கம். எழுத்தைப் பார்த்தால் எந்த வீடு என்று தபால்காரனுக்குத் தெரியாதா? அதற்குள் தவலை லோடில் போய்விட்டது. உருக்குவதற்கு.

வீட்டுக்கார ஆச்சி சென்னையில் இருக்கிறார். பல்லவன் ரயிலில் வந்து இறங்கினார். போலீசில் புகார் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கொடுத்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன் என்று முதலில் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். பையன்கள் மேல் இரக்கமெல்லாம் இல்லை. "பேப்பர்ல வந்தா, இது ஆளில்லாத வீடுன்னு மிச்சப் பேருக்கும் தெரிஞ்சுபோகும்" என்றார்.

மூன்று பையன்கள் வீட்டுக்கும் தனித்தனியாகப் போனேன். ஒரு அப்பா, "உங்க முன்னாடியே நாலு சாத்து சாத்துறேன், அதோட முடிச்சுக்கலாம்" என்று பெல்ட்டை எடுத்தார். இன்னொரு வீட்டில் அம்மா காலில் விழ வந்தார். நான் பின்னால் நகர்ந்துவிட்டேன், தேங்காய்க்காரர் ஞாபகம் வந்தது. பையன்களிடம் 'ஏன் செஞ்ச' என்று கேட்பதை நான் விட்டு ரொம்ப நாளாகிறது. ஏன் என்றால் அவன் தரையைப் பார்ப்பான். 'என்ன நடந்துச்சு' என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வரும்.

எங்கே உட்காருவது? ஆச்சி வீட்டில் என்றால் பையன்கள் நிற்பார்கள். பையன்கள் வீட்டில் என்றால் ஆச்சி வரமாட்டார். ஊர் நூலகம் விடுமுறை நாளில் திறந்துகொடுத்தார்கள். அங்கே நாளிதழ் படிக்கும் மேசை வட்டமானது. நாற்காலிகள் எல்லாம் ஒரே மாதிரி ஆடும்.

பணத்தைப் பற்றித்தான் ஆச்சி ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தெந்த அறைக்குள்ள போனீங்க?"

ஒருத்தனும் வாய் திறக்கவில்லை.

"கட்டில் கிடக்கே, அந்த அறைக்கு?"

"இல்ல ஆச்சி. சாமான் அறைக்கு மட்டுந்தான். அப்புறம் ஊஞ்சல்ல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தோம்."

"ஊஞ்சல்லயா? எதுக்கு?"

அவன் ரொம்ப நேரம் யோசித்தான். "சும்மாதான். அந்த வீட்டு முன்பக்கம் நாங்க பார்த்ததே இல்ல. எங்க அப்பத்தா அங்கதான் வேலை பார்த்துச்சு. பின்வாசல் வழியாத்தான் போகும்."

ஆச்சி அப்பத்தாவின் பெயரைக் கேட்டார். சொன்னான். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அவளுக்கு நாங்க என்ன குறை வச்சோம்?"

பையனின் அம்மா அதுவரை பேசவே இல்லை. "குறை வச்சீங்கன்னு யாரும் சொல்லலையே. பின்வாசல்னுதான் சொன்னான்" என்றார்.

அந்த இடத்தில் நான் புகுந்து எதையாவது சொல்லிச் சூட்டைத் தணித்திருக்கலாம். பயிற்சியில் அப்படிப் புகக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள் என்பதைவிட, எனக்குச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை என்பதே உண்மை. மின்விசிறி சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் ஆச்சி தவலையைப் பற்றிப் பேசினார். அவருடைய ஆத்தாவுக்குச் சீராக வந்த தவலை. விலை என்ன என்று ஒரு அப்பா கேட்டார். "அதுக்கு எப்படி வில சொல்றது" என்று ஆச்சி அவரையே திருப்பிக் கேட்டார்.

கடைசியில் முடிவானது இது. பித்தளை விலைக்கான பணத்தை மூன்று வீடும் நான்கு தவணையில் தரும். கடைக்காரர் விளக்குகளைச் சும்மா திருப்பிக் கொடுப்பார். பையன்கள் நான்கு சனிக்கிழமை வந்து பின்கட்டில் மண்டிக்கிடந்த செடிகளை எடுத்து, வளவுத் தண்ணீர் போகும் வாய்க்காலைச் சுத்தம் செய்வார்கள். ஓட்டின் மேல் ஏறிச் செடி பிடுங்கவேண்டும் என்று ஆச்சி கேட்டார், அது ஆபத்து என்று நான்தான் மறுத்தேன். இரண்டு பையன்கள் நான்கு வாரமும் வந்தார்கள். மூன்றாவது பையன், அப்பத்தா கதை சொன்னவன் அல்ல, இரண்டாவது வாரத்தோடு நின்றுவிட்டான். திருப்பூரில் மாமா வீட்டுக்குப் போய்விட்டான் என்றார்கள். அவன் வீட்டுத் தவணையும் பாதியில் நிற்கிறது. கண்ணாடிக்கு அதே நிறம் கிடைக்கவில்லை, வேறு நிறம் போட்டிருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் தெரியும்.

அடுத்த முறை வந்தபோது ஆச்சியிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "இப்ப அந்த வீட்ல தனியாப் படுத்தாத் தூக்கம் வருது. எங்க போனானுக, எங்க போகலைன்னு தெரிஞ்சுபோச்சுல்ல" என்றார்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்தது இல்லை. மதுரையில் ஒரு பயிற்சியில் கேட்ட கதை. கனடாவில் எல்மைரா என்ற சின்ன ஊர். 1974இல் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 இடங்களில் கார் டயர், சன்னல், வேலி என்று சேதம் செய்துவிட்டார்கள். மார்க் யான்சி என்ற நன்னடத்தை அதிகாரி, இவர்களைப் பாதிக்கப்பட்டவர்கள் வீட்டுக்கே அனுப்பிப் பார்க்கலாமே என்று நீதிபதியிடம் கேட்டார். நீதிபதி ஒப்புக்கொண்டார். இருவரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, நாங்கள்தான் செய்தோம் என்று சொல்லி, நஷ்டம் எவ்வளவு என்று கேட்டு, பிறகு பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நியூசிலாந்து 1989இல் சிறுவர் குற்றங்களுக்கு இதைச் சட்டமாகவே ஆக்கியது. பையன், அவன் குடும்பம், பாதிக்கப்பட்டவர், எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவார்கள். நம் சிறார் நீதிச் சட்டத்திலும் (2015) வாரியம் பையனை அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம் என்று இருக்கிறது. ஆனால் பாதிக்கப்பட்டவரை எதிரே உட்காரவைத்து, எந்த அறைக்குப் போனாய் என்று கேட்கவிடும் பழக்கம் இங்கே இன்னும் வரவில்லை.

அந்தக் கதையைக் கேட்டபோது எனக்குப் பட்டது வேறு. கதவைத் தட்டி, பெயர் சொல்லி, பதிலுக்கு நிற்கிறார்கள். அதுவும் தபால்காரன் வேலைதான்.

எல்லாவற்றையும் இப்படிப் பேசித் தீர்க்கமுடியாது. என் கையாலேயே கெட்டதும் நடந்திருக்கிறது. வேலையில் இருந்த காலத்தில், புருஷன் அடிக்கிறான் என்று ஒரு பெண் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். தெரிந்த குடும்பம். நானும் இரண்டு பெரியவர்களும் போய், "பிள்ளைகளை நினைச்சுக்கம்மா" என்று பேசி, அவனிடம் சத்தியம் வாங்கி, அவளைப் பஸ் ஏற்றிவிட்டோம். ஐந்து மாதம் கழித்துக் கை முறிந்து வந்தாள். அன்றைக்கு நாங்கள் மூன்று ஆண்களும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம், அவள் நின்றுகொண்டிருந்தாள். இப்போது அடி, உதை, குழந்தைகள் மேல் பாலியல் குற்றம், சாதியைச் சொல்லி அவமதித்தது என்று எது வந்தாலும் நான் பேச உட்காரமாட்டேன். நேராகச் சட்டப் பணிகள் குழுவுக்குக் கூட்டிப்போகிறேன், இல்லையென்றால் போலீஸ். சில பேருக்கு என்மேல் கோபம் உண்டு. "நாலு பெரிய மனுசங்க பேசினா முடியாதா?" என்பார்கள். முடியும், அதுதான் பிரச்சினை.

2023இல் வந்த சமரசச் சட்டத்தில் சமூக சமரசத்துக்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. ஒரு பகுதியில் குடும்பங்களுக்கு நடுவே அமைதி கெடும் என்றால், இரு தரப்பும் முன்கூட்டியே சம்மதித்தால், மூன்று பேர் குழு உட்கார்ந்து பேசலாம். குழுவுக்கான பட்டியல் போடும்போது பெண்களையும் மனதில் வைக்கவேண்டும் என்றும் இருக்கிறது. அதைப் படித்துக் காட்டிய வக்கீல் அம்மா ஒரு வரியில் நிறுத்திச் சலித்துக்கொண்டார். அங்கே எழுதும் உடன்பாட்டுக்கு நீதிமன்ற டிகிரிபோல் அமல்படுத்தும் பலம் கிடையாது. "அப்ப எதுக்கு சார் இது?" என்றார். எனக்கு அந்த வரிதான் பிடித்தது. கோர்ட் அமீனா வருவார் என்ற பயத்தில் ஒரு தம்பி அண்ணனுக்குச் சாவியைக் கொடுப்பதைவிட, கொடுக்காமல் இன்னும் ஆறு மாதம் சண்டை போட்டுவிட்டுக் கொடுக்கட்டும். பணம், நிலம் என்றால் மக்கள் நீதிமன்றமோ சமரச மையமோ இருக்கவே இருக்கிறது, அங்கே போய் உறுதி செய்துகொள்ளலாம். அவருக்கும் எனக்கும் இந்த வாதம் இன்னும் முடியவில்லை.

ஏழு பங்கு வீட்டில் விற்பதா வைப்பதா என்பது முடிவாகவில்லை. ஒன்று மட்டும் நடந்திருக்கிறது. போன வாரம் மூத்தவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. ஒரு சாவியை நீட்டினார். "அவுகளுக்கு நீயே கொண்டுபோய்க் குடுத்துரு தபால்காரரே. நான் கொண்டுபோனா என்ன பேசுறதுன்னு தெரியல" என்றார். வாங்கவில்லை. நீங்களே கொடுங்கள் அண்ணே, ஒன்றும் பேசவேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். கொடுத்தாரா என்று நான் விசாரிக்கவில்லை.

தையில் சிங்கப்பூர்க்காரர் வருகிறார். அவருக்கு முழங்கால் வலி, பிளாஸ்டிக் நாற்காலி தாழ்வாக இருக்கிறது, கை வைத்த மர நாற்காலி வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். பந்தல்காரரிடம் கேட்டேன். ஒன்று இருக்கிறதாம். ஒன்று போதாது, ஏழு வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.